மேப் அண்ணன்

புல்லட்டின் ஹேண்டில்பாரில் இரண்டு போன்கள். ஒன்று வழி காட்ட. இன்னொன்று, முதல் போன் காட்டுகிற வழி சரிதானா என்று பார்க்க. ஜெர்க்கின் பையில் பவர்பேங்க், அதிலிருந்து இரண்டு வயர்கள், ஹெல்மெட்டுக்குள் புளூடூத். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பூந்தமல்லி பெட்ரோல் பங்க் ஓரம் இப்படி ஒருவர் நின்றால் சந்தேகமே வேண்டாம், அவர்தான் மேப் அண்ணன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் வண்டியை ஸ்டார்ட் செய்தும் அணைத்தும் பொழுதைப் போக்குவார்கள். "ஒரு நிமிஷம்பா, ஜிபிஎஸ் லாக் ஆவட்டும்" என்பார்.

போக வேண்டியது ஏலகிரிக்கு. பெங்களூர் சாலையைப் பிடித்து வாணியம்பாடி வரை போய் இடது பக்கம் திரும்ப வேண்டியதுதான். அதற்கப்புறம் மலை தன்னாலேயே கண்ணில் படும். இவ்வளவு பெரிய மலையைக் கண்டுபிடிக்கத்தான் அண்ணன் போனில் ஐந்து ஆப் வைத்திருக்கிறார்.

ஐந்தில் எது நல்லது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பையனுக்கு நாற்பது நெருங்கியும் ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் வீடு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோஷம் சொல்வார். கூகுள் மேப்ஸ் டூவீலருக்கென்று தனி மோடை 2017 டிசம்பரில் உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. இதை அவர் சொல்லும்போது, அந்த மீட்டிங்கில் தானும் உட்கார்ந்திருந்தது போல ஒரு பெருமிதம் தெரியும். அடுத்த மூச்சிலேயே, "ஆனா சந்துல வுட்ருவான்" என்பார். வேஸ் என்றால், போலீஸ் நிற்கிற இடத்தைச் சொல்லும், நல்லதுதான். ஆனால் நம்மூரில் எதிரே வருகிற லாரிக்காரர் லைட்டை அடித்து அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். மேப்பிள்ஸ், மேப்மைஇந்தியாக்காரர்களுடைய சுதேசிச் சரக்கு. வேகத்தடை வருவதை முன்கூட்டியே சொல்லும். நம்முடைய சாலைகளில் இது ஓய்வே இல்லாத உத்தியோகம்.

சிக்னல் இல்லாத மலைக்கு ஆர்கானிக் மேப்ஸ். மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டே வேண்டாம், ஆனால் டிராஃபிக் நிலவரம் காட்டாது. மலையில் ஏதுணா டிராஃபிக் என்று கேட்டவனை அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். அதன் அடியில் இருப்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப், 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி ஊர் உலகத்துத் தன்னார்வலர்கள் கூடி வரைந்துகொண்டிருக்கிற வரைபடம். அதில் அண்ணனும் ஒரு கை. ஆற்காடு பக்கம் ஒரு டீக்கடையையும் ஒரு கைப்பம்பையும் அவர்தான் உலக வரைபடத்தில் ஏற்றினார். பொண்டாட்டி பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் அந்தக் கைப்பம்பில் தண்ணீர் வருகிறதா என்று அவ்வப்போது விசாரிப்பார்.

கேலி செய்கிறோமே தவிர, ஒரு விஷயத்தில் அவர் கட்சி சரியான கட்சி. இந்த ஆப்களெல்லாம் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரலாம் என்றுதான் கணக்குப் போடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுப்பவன் நிமிஷங்களைச் செலவழிக்கத்தான் கிளம்புகிறான். அவனிடம் போய் பதினோரு நிமிஷம் மிச்சம் என்றால் அதை வைத்து அவன் என்ன செய்வான்? ஆறு வழிச்சாலையில் நேர்க்கோடாகப் போவதற்கு பைக் எதற்கு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாமே என்பார் அண்ணன். இந்த ஏக்கம் தெரிந்துதான் ஜெர்மனிக்காரர்கள் வளைவு அதிகமுள்ள சாலையாகப் பார்த்துத் தேடிக் கொடுக்கிற ஆப்களைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒன்றை அண்ணன் இறக்கிக்கொண்டு வந்த ஞாயிறுதான் நாங்கள் காவேரிப்பாக்கம் பக்கம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆப்பின் மேல் குற்றமில்லை. வளைவு கேட்டோம், ஏரிக்கரை வளைந்துதான் இருந்தது. ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் நெல் காயப் போடும் வழக்கம் இருந்திருந்தால் ஜெர்மனிக்காரன் அதையும் கணக்கில் சேர்த்திருப்பான். ஒரு பாட்டி துடைப்பத்தோடு எழுந்து வந்து, நெல்லை ஓரம் ஒதுக்கி ஒரு டயர் போகிற அளவுக்கு வழி விட்டார். எட்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. கடைசி வண்டி தாண்டியதும் திரும்ப நெல்லைப் பரப்பினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஏலகிரி என்றதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இன்னொரு முறை ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதுமே ஆப் எங்களைக் கிராமத்துச் சாலையில் இறக்கிவிட்டது. வாலாஜா வரைக்கும் மெயின்ரோட்டையே காட்டவில்லை. கடைசியில் ஆராய்ந்து பார்த்தால், 'டோல் தவிர்' என்கிற பொத்தான் ஆன் ஆகி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணமே கிடையாது. "கார்ல போறப்ப போட்டு வெச்சது" என்றார் அண்ணன், உதட்டைக் கடித்துக்கொண்டு.

போனின் கதை தனிக் கதை. சித்திரை வெயிலில் ராணிப்பேட்டை நெருங்கும்போது திரை மங்கும், சார்ஜ் ஏறாது. கையுறையோடு தொட்டால் அசையாது. மழைத்துளி தொட்டால் மட்டும் துள்ளி எழுந்து வேறு ஊருக்கு வழி போடும். 2021இல் ஆப்பிள் கம்பெனியே, பெரிய எஞ்சின் பைக்கின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம், ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள் என்று எச்சரித்துவிட்டது. அன்றிரவு அண்ணனுக்குத் தூக்கமில்லை. மறுநாள் அதிர்வு தாங்கும் ஹோல்டர் ஒன்று வந்தது. அதன் மேலும் நம்பிக்கை வராமல் மேப்புக்கென்றே ஒரு பழைய போன் வந்தது. வீட்டில் கேட்டதற்கு, ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லியிருக்கிறார்.

போன மாதம் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். நூற்றுப் பத்து சிசி வண்டி, ஹேண்டில்பாரில் ஒன்றுமே இல்லை. ஆம்பூரில் அண்ணன் மூன்றாவது ஆப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது அவன் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டான். நாங்கள் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போனால், புங்கனூர் ஏரி ஓரம் உட்கார்ந்து இரண்டாவது தட்டு பஜ்ஜியில் இருந்தான்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேட்டார்: "எந்த ஆப்புடா?"

"ஆப்லாம் இல்லணா. கீழ ஒரு பஸ்ல ஏலகிரினு போர்டு போட்டிருந்துச்சு. அது பின்னாடியே வந்துட்டேன்."

அண்ணன் பழைய போனை எடுத்தார். "அது எத்தன மணிக்கு ஒருக்கா வருது?"