எண்ணழிப்பு நூற்பாவும் உரையும்

நூற்பா:
வண்ணம் நீங்காது எண்மட்டும் நீக்குக.

உரை: ‘பொம்மை ரயில்’ என்றால் கோபித்துக்கொள்ளும் மாதிரி ரயில் அன்பர்க்கு நேரும் இடர்களுள் தலையாயதைக் களைய எழுந்தது இந்நூற்பா. பிரிட்டனில் 1934 முதல் 1951 வரை 842 ‘பிளாக் ஃபைவ்’ நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றை 1:76 அளவில் செய்து விற்போர் ஒரு சில எண்களையே அச்சிடுவர். ஆகவே, ஒரே எண்ணுள்ள இரண்டு எஞ்சின்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே வந்து நிற்கும். வீட்டார் இதற்குக் கலங்குவதில்லை. அன்பருக்கோ அன்றிரவு உறக்கம் போயிற்று.

எண் மாற்றல் மரபோ எனின், மரபே. 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமை ஆனபின், ‘பிளாக் ஃபைவ்’களை ஓட்டிவந்த எல்.எம்.எஸ். கம்பெனி எஞ்சின்களின் எண்ணோடு 40000 கூட்டினார்கள். 5000 என்றிருந்தது 45000 ஆயிற்று. அரசு செய்ததைச் சாப்பாட்டு மேஜையில் செய்வது குற்றமன்று.

அழிக்கும் நெறி மூன்று. பஞ்சுக்குச்சியை எரிசாராயத்தில் தோய்த்துத் துடைப்பது சாராய நெறி. அவசரப்பட்டால் எண்ணோடு பெயின்ட்டும் வரும். ஒட்டுப்படத்தை இளக்கும் திரவத்தைத் தடவி, சற்றுப் பொறுத்து, பல்குத்தும் குச்சியால் சுரண்டுவது பொறுமை நெறி. கார் கீறலைப் போக்கும் பாலிஷால் தேய்ப்பது உராய்வு நெறி. எண் போகும், போன இடம் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். புது எண்ணை ஒட்டியபின் பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து அதை மறைக்க. எட்டங்குல இலக்கம் இவ்வளவில் மூன்று மில்லிமீட்டர்கூட இராது. ஆதலின், ஐந்தில் கடைசி இரண்டை மட்டும் அழிப்பவரே அறிவுடையார். இடம், வலம், முகப்பு என மூன்றிடத்தும் மாற்றுக. ஒன்றை மறந்தால் எஞ்சின் வரும்போது ஒருவர், போகும்போது வேறொருவர்.

எண் மாறினால் போதுமோ எனின், போதாது. தொடக்கத்தில் கட்டியவற்றின் கொதிகலன் மேல் நீராவிக் குமிழ் இல்லை, பின்னவற்றில் உண்டு. குமிழை மறந்தவரைச் சக அன்பர் மன்னியார்.

‘அழிப்பானேன்? கரிநிறம் பூசி எண்ணை மறைத்துவிடலாமே! 1968 ஆகஸ்டில் நீராவிக் காலம் முடிகையில் எஞ்சின்கள் அழுக்கேறித்தானே ஓடின?’ என்பாரும் உளர். அவர் அக்காலப் புகைப்படங்களைக் காண்க. தலை முதல் சக்கரம் வரை கரி படிந்த எஞ்சினிலும் ஓட்டுநர் அறைப் பக்கத்தில் ஒரு பட்டையை மட்டும் யாரோ கந்தலால் துடைத்து வைத்திருப்பார்கள். எண் இருக்கும் இடம் அதுதான்.