முந்தியதற்கு ‘ஹேட்’ போடு

ஆங்கில இலக்கண வழிகாட்டிகளில் உள்ள விதிகளிலேயே கருணை மிகுந்தது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ‘இறந்தகாலத்தில் இரண்டு செயல்கள் வந்தால் முந்தியதற்கு ஹேட் போடு.’ யார் பேசுகிறார், எதற்காகச் சொல்கிறார், கேட்பவருக்கு என்ன தெரியும் என்ற தொல்லை எதையும் இது மாணவன் தலையில் ஏற்றுவதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

இந்த விதிக்காக உயிரையே கொடுத்தவர் ஒருவர் உண்டு. ‘த பேஷன்ட் ஹேட் டைடு பிஃபோர் த டாக்டர் கேம்.’ தலைமுறை தலைமுறையாக அந்த நோயாளி இறந்துகொண்டே இருக்கிறார். அந்த வாக்கியத்தில் ‘ஹேட்’ இல்லாவிட்டாலும் பிழையில்லை. எது முந்தியது என்பதை ‘பிஃபோர்’ சொல்லிவிடுகிறது. ‘ஹேட்’ கட்டாயமில்லாத இடத்தையே அதற்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்த நுட்பம் எல்லோருக்கும் வாய்க்காது.

‘பிஃபோர்’ இருக்கும் இடத்தில் ‘வென்’ வைத்துப் பாருங்கள். டாக்டர் வந்தபோது நோயாளி ‘ஹேட் டைடு’ என்றால், வருவதற்கு முன்பே உயிர் போயிருந்தது. வெறும் ‘டைடு’ என்றால், டாக்டர் வந்ததும் போனது. பழி அவர்மேல் விழும். ஒற்றைச் சொல் ஒரு மனிதரைப் பழியிலிருந்து மீட்கும் இந்த இடத்துக்கு விதி பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. அவர்களுடைய மூளைக்கு வேலை வைக்காத பெருந்தன்மை அது.

அதன் தன்னடக்கமும் பெரிது. ‘வந்தான்’, ‘வந்திருக்கிறான்’, ‘வந்திருந்தான்’ மூன்றையும் பள்ளியில் கால்வைக்குமுன்பே பிசகாமல் பேசும் பிள்ளையிடம், உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அது ஒருபோதும் கேட்பதில்லை. ‘நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். போய்த் திரும்பியாயிற்று என்பதும் அதிலேயே இருக்கிறது. அதே நினைப்பில் ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை’ என்று வேலைக்கான நேர்காணலில் சொல்கிறான் ஓர் இளைஞன். இங்கே ‘வென்ட்’ போதும், பிறகு நடந்த இன்னொன்றைச் சார்ந்து பேசும்போதுதான் ‘ஹேட்’ வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல விதி அங்கே வருவதில்லை. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்ததோடு தன் கடமையை முடித்துக்கொண்ட உத்தமம் அது.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வளவு புண்ணியம் சேர்த்த விதிக்கு இனி ஓய்வு கொடுங்கள். ‘வென்’ வரும் அந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, டாக்டர் உள்ளே வந்தபோது நோயாளிக்கு உயிர் இருந்ததா என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.