ஆறில் ஒன்று

முற்காலத்தில் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்று வைத்திருந்தார்கள். ஏன் ஐந்தில் ஒன்றில்லை, ஏழில் ஒன்றில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பொம்மையுலகிலும் இந்த ஆறுதான் ஆள்கிறது. டோக்கியோவின் ஹராஜுகு வட்டாரத்து இளைஞர்கள் உடுத்துவதை உடுத்திக்கொண்டு, வயது வந்தவர்களின் அலமாரிகளில் நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோவுக்காக வெளியே கிளம்பும் பொம்மைகளில் பெயர் பெற்றவை பலவும் மனித உருவில் ஆறில் ஒன்று. பிளைத் என்னும் பொம்மையின் உயரம் சுமார் 28 சென்டிமீட்டர். ஆறால் பெருக்கினால் 168. எந்தப் பிள்ளை வீட்டாரும் ஆட்சேபிக்க முடியாத உயரம்.

தலைக்கு வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. இவ்வகைப் பொம்மைகளுக்கென்று விற்கும் விக்கின் சுற்றளவு 9 முதல் 10 அங்குலம். அதையும் ஆறால் பெருக்கினால் நாலரை அடியிலிருந்து ஐந்து அடி வரை போகிறது. கல்யாண வீட்டு அண்டாவுக்குரிய அளவு இது. உடம்புக்கு ஒரு விகிதமும் தலைக்கு வேறொரு விகிதமும் ஏன் என்று விளக்கப் புகுந்தவர்கள் ‘அழகு’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நழுவிவிடுகிறார்கள். என் அம்மா நழுவவில்லை. வீடியோ காலில் எனக்குப் பின்னால் அலமாரியைப் பார்த்தவள், “யார் வீட்டுக் குழந்தைடா அது? தலை இவ்வளவு பெரிசா இருக்கே, டாக்டர்கிட்ட காமிச்சாங்களா?” என்று கேட்டாள். இத்துறையில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் இன்னும் எதிர்கொள்ளவில்லை.

ஆசிரியனின் தகுதி குறித்து ஐயம் எழலாமாதலால் சொல்லிவிடுகிறேன். வயது 43. டோக்கியோவில் இந்தியர் அதிகம் குடியிருக்கும் நிஷிகசாயில் ஓர் ஒற்றையறை வீடு. உடைமை: பழைய பொருள் கடையில் வாங்கிய புல்லிப் பொம்மை ஒன்று, பிளைத் ஒன்று. மணமாகவில்லை. மார்ச் 3ஆம் தேதிப் பெண்குழந்தைகள் திருநாள் முடிந்த கையோடு, படிக்கட்டில் வைத்த ஹினா பொம்மைகளைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. ஆண்டு முழுவதும் பொம்மையை வெளியில் வைத்திருக்கும் ஆணுக்கு இந்த விதி பொருந்துமா என்பதை மூல நம்பிக்கை தெளிவுபடுத்தவில்லை. “பொண்ணு பாருடான்னா பொம்மை பாக்கறான்” என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி.

இனிப் பெயர். புல்லிப், 2003இல் கொரியாவில் பிறந்தது. சோன்சாங் சோன்ஹா என்ற கொரிய நிறுவனம் உருவாக்க, ஜப்பானின் ஜுன் பிளானிங் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொரிய மொழியில் ‘புல்’ என்றால் புல். ‘இப்’ என்றால் இலை. அதாவது புல்லின் இலை. கொரியத்திலும் புல் புல்லே என்பதைக் கொண்டு இரு இனத்தாருக்கும் உறவு நாட்ட விரும்புவோர் தனிக்கட்டுரை எழுதிக்கொள்ளலாம். நமக்கு வேறு வேலை இருக்கிறது. இதே குடும்பத்து ஆண் பொம்மைக்குச் சூரியன் என்றும், புல்லிப்பின் தங்கைக்கு நிலா என்றும், தங்கையின் தோழிக்கு விண்மீன் என்றும் பொருள்படக் கொரியப் பெயர்கள் சூட்டினார்கள். வானத்தில் இடம் தீர்ந்துவிட்டதால் போலும், பின்னால் வந்த சிறுவனுக்குப் பனித்துளி என்று பெயர்.

இந்த இடத்தில் ஓர் இடறல். ‘ஜப்பானியத் தெரு உடைப் பொம்மை’ என்கிறோமே, இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது? புல்லிப் கொரியப் பிறப்பு. பிளைத்தோ அமெரிக்கச் சிகாகோவில் வரையப்பட்டது. வார்க்கும் ஆலைகள் சீனாவில். மேலே போட்டிருக்கும் லேஸ் வைத்த குடைப்பாவாடை விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பிள்ளைகளின் சாயல். அந்த உடைப் பாணிக்கு லோலிட்டா என்று பெயர். அது ரஷ்யாவில் பிறந்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவலின் பெயர். சரி, தெருவாவது சுத்தமான ஜப்பானியத் தெருவா என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹராஜுகுவை ஒட்டி அமெரிக்கப் படையினரின் குடியிருப்பு இருந்தது. அந்த இடம்தான் 1964 ஒலிம்பிக்கில் வீரர்களின் கிராமமாயிற்று. வெளிநாட்டார் நடமாட்டமும் அவர்களை நம்பிய கடைகளும் சேர்ந்துதான் அந்தத் தெருவுக்கு நாகரிகம் என்ற பெயரை வாங்கித் தந்தன. ஆக, எதைத் தொட்டாலும் வெளியூர்ச் சரக்கு. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, காலுறையின் மடிப்பு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்களே, அந்தக் குனிவு ஜப்பானியம் என்று கொள்க.

பிளைத்தின் வரலாறு தனிப் புராணம். 1972இல் கென்னர் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. பின்மண்டையில் தொங்கும் கயிற்றை இழுத்தால் கண் மூடித் திறக்கும்; ஒவ்வோர் இழுப்புக்கும் கருவிழியின் நிறம் மாறும். மொத்தம் நான்கு நிறம். இரண்டு நிறங்கள் நேரே பார்க்கும். மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக ஓரக்கண்ணால் பார்க்கும். குழந்தைகள் அலறினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரே ஆண்டில் கடையை விட்டுப் போய்விட்டது. இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1997இல், நியூயார்க்கின் ஜினா கேரனிடம் அந்தப் பழைய பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. அவர் அதை விளையாடவில்லை, போட்டோ எடுத்தார். போன ஊருக்கெல்லாம் கொண்டுபோய் எடுத்தார். 2000இல் அது புத்தகமாயிற்று. அதே ஆண்டு ஜப்பானின் பார்க்கோ அங்காடி தன் கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்குப் பிளைத்தை அமர்த்திக்கொண்டது. 2001இல் டகாரா நிறுவனம் உரிமம் பெற்று மறுபடி வார்க்கத் தொடங்கியது.

குழந்தைகள் கைவிட்ட ஒன்றைக் கேமரா எழுப்பியது. அதனால்தான் இத்துறையில் படம் எடுப்பது பொம்மை சேர்ப்பதன் துணைத்தொழில் அல்ல. பொம்மைதான் படத்தின் துணைப்பொருள் என்பது என் துணிபு. மாற்றுக் கருத்துடையோர் உளர். அவர்கள் பெட்டியைப் பிரிக்காதவர்கள்.

பெட்டி பிரியாதார், பெட்டி பிரித்தார் என்ற இரு கலைகளுக்கிடையே நடக்கும் வழக்கைக் கோயில் யானையின் நெற்றிக்கு எந்த நாமம் என்ற வழக்கோடு ஒப்பிடலாம். முன்னவர் பொம்மையைக் கண்ணாடித் தாள் வழியாகவே தரிசிப்பார்கள்; அட்டைப்பெட்டியின் மூலை மடங்கினால் துக்கம். பின்னவரிடையே ஒரு தீவிரப் பிரிவு உண்டு. ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்துப் பொம்மை வாங்கி, தலையைத் திருகு கழற்றி இரண்டாகப் பிளந்து, உப்புத்தாளால் முகத்தைத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கி, உதட்டைச் செதுக்கி, இமையைச் சற்றே சரியவிட்டு, பிறகுதான் ‘இப்போது இவள் என்னுடையவள்’ என்பார்கள். டகாரா வார்ப்புகளை இனம்பிரிக்கும் குறியீடுகள் வேறு: பி.எல்., இ.பி.எல்., எஸ்.பி.எல்., ஆர்.பி.எல்., எஃப்.பி.எல். முதலாவது வக்கீல் பட்டமன்று. லிக்கா என்ற பொம்மையின் உடம்பைக் கடன்வாங்கி நின்ற ஆரம்பகாலப் பிளைத். கன்னம் அரை மில்லிமீட்டர் உப்பியதா, வற்றியதா என்பதில் இரண்டு பெரியவர்கள் ஒரு மணி நேரம் வாதிட்டதைக் காப்பிக் கடையொன்றில் என் காதாலேயே கேட்டேன். ஏட்டுச்சுவடியில் னகரமா ணகரமா என்று அடித்துக்கொள்பவர்கள் நம் ஊரில் இருக்கும்போது, எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

உடை பற்றி. துணியை ஆறில் ஒன்றாக வெட்டலாம்; நூலை வெட்ட முடியாது. சாதாரண ஜீன்ஸ் துணியில் பொம்மைக்குப் பேன்ட் தைத்தால் கயிற்றுக் கட்டிலைச் சுற்றிக்கொண்டது போல் நிற்கும். மனிதச் சட்டைப் பொத்தான் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். பொம்மைக்கு 2 வேண்டும். கடையில் எளிதில் கிடைப்பது 4. ஆகவே பொம்மையுலகில் கோடைச்சட்டைக்கும் ஓவர்கோட்டுப் பொத்தான்தான். பாவாடை தழைந்து விழுவதற்கு எடை வேண்டும். சாண் அளவுத் துணிக்கு எடை ஏது? காற்றில் நிற்கும் அப்பளம் போல் விறைத்து நிற்கும். நனைத்து, மடிப்பை ஒவ்வொன்றாக விரலால் நீவி, ரப்பர் வளையம் போட்டு இரவு முழுக்க உலர விட்டால் மறுநாள் ஓரளவு பணியும். ஏப்ரலில் செர்ரிப் பூ உதிரும்போது எல்லோரும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓர் இதழ் வந்து பொம்மையின் தலையில் உட்கார்ந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு மரத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு விழுந்த மாதிரி இருக்கும். கவித்துவம் ஆறால் பெருக்கும்போது தாங்குவதில்லை.

அடுத்து, படுத்தல். இதுவே இச்சாத்திரத்தின் மையம். நின்றுகொண்டு எடுத்தால் படத்தில் பொம்மை பொம்மையாகத் தெரியும்; அது பெருங்குற்றம். அதன் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்க வேண்டும். கண்மட்டம் தரையிலிருந்து ஒரு சாண். ஆகவே எடுப்பவர் மண்டியிட்டு, பிறகு முழங்கையூன்றி, முடிவில் எட்டு அங்கமும் நிலம்தோயக் கிடப்பார். நம் பக்கத்தில் இந்த நிலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. கிட்டத்தில் எடுப்பதால் இன்னொரு சிக்கல்: கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கும், தொப்பியில் வைத்தால் கண் போய்விடும். துவாரத்தை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கினால் வெளிச்சம் போதாது. வெளிச்சத்துக்காகக் காத்திருந்தால் காற்று வரும். காற்று வந்தால் தலை பாரத்தில் பிளைத் மூக்கு குப்புற விழுவாள். ஒட்டுக்களிமண், மீன்நரம்பு, முதுகில் மறைத்த கம்பி என்று முட்டுக்கொடுத்து நிறுத்தி, புல்லிப்பாக இருந்தால் பின்தலையில் உள்ள சின்ன நெம்பை நகக்கண்ணால் நகர்த்திக் கண்ணை இடப்பக்கம் திருப்பி, மறுபடி வந்து படுப்பதற்குள் வழிப்போக்கர் ஒருவர் மரியாதையாகத் தாண்டிப் போவார். ஜப்பானில் யாரும் ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. அது ஒரு விதத்தில் இன்னும் சங்கடம்.

என் சொந்தச் சோதனை ஒன்றையும் பதிவு செய்கிறேன். புல்லிப்புக்குச் சிவப்பு ஸ்டாக்கிங்ஸ் வாங்கி மாட்டி இரண்டு மாதம் மறந்துவிட்டேன். கழற்றியபோது இரண்டு காலும் மருதாணி வைத்த மாதிரி. அடர்நிறத் துணியின் சாயம் பிளாஸ்டிக்கில் இறங்கிவிடும் என்பது இத்துறையின் முதல் பாடம். நான் அதைக் கடைசியில் படித்தேன். பரிகாரம் முகப்பருக் களிம்பு. பென்சாயில் பெராக்ஸைடு உள்ளதாகப் பார்த்து வாங்கிக் கால் முழுக்கப் பூசி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். மருந்துக்கடைப் பெண் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு பரு இல்லை. “யாருக்கு?” என்றார். “கால்களுக்கு” என்றேன். பத்து நாள் பால்கனியில் காய்ந்தபின் கறை பெரும்பாலும் போயிற்று. இடது முழங்காலில் மட்டும் ஒரு காசளவு ரோஸ் நிறம் நின்றுவிட்டது.

தெருவுக்கு வருவோம். 1997இல் ஷோயிச்சி ஆவோக்கி என்ற போட்டோகிராபர் ‘ஃப்ரூட்ஸ்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். ஹராஜுகுவில் நிற்கும் பிள்ளைகளை நிறுத்தி, தலை முதல் கால் வரை ஒரு படம். பக்கத்தில் பெயர், வயது, சட்டை எந்தக் கடை, ஷூ எந்தக் கடை, இன்றைய ‘பாயிண்ட்’ என்ன. அவ்வளவுதான் பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்திச் சாலையை நடப்பவர்களுக்கே விட்டிருந்த ஏற்பாடு 1998இல் எடுக்கப்பட்டது. அதன்பின்னும் பத்திரிகை தாக்குப்பிடித்து 2017இல் நின்றது. எடுக்கும்படியான பிள்ளைகள் இப்போது தெருவில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பொம்மைப் படக்காரர்களோ அந்தக் குறிப்பு முறையை வரி பிசகாமல் காப்பாற்றி வருகிறார்கள்: பெயர், வார்ப்பு, கண், விக், கவுன் யார் தைத்தது, ஷூ எங்கே வாங்கியது. பிள்ளைகள் போய்விட்டார்கள், குறிப்பு மட்டும் ஆறில் ஒன்றாகச் சுருங்கிப் பிழைத்திருக்கிறது.

ஹராஜுகு ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் தகேஷிதா தெரு: சாக்ஸ், க்ரேப், சரிகை, கூச்சல். மறுபக்கம் பாலத்தைத் தாண்டினால் மெய்ஜி ஆலயத்தின் காடு. அந்த ஆலயத்தில் அக்டோபரில் ஒரு விழா நடக்கும். வைத்துக்கொள்ளவும் முடியாமல் குப்பையில் போடவும் மனம் வராமல் தவிப்பவர்கள் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டணம் உண்டு. பிரகாரம் முழுக்க வரிசை வரிசையாக உட்கார்த்தி நன்றி சொல்லி அனுப்பிவைப்பார்கள். ஹினா ராஜா, ராணி, கிமோனோப் பொம்மை, கண் கழன்ற கரடி, பூனை. போன அக்டோபரில் என் முன்னால் நின்ற மூதாட்டி லிக்கா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 1967இல் டகாரா கொண்டுவந்த பதினோரு வயதுச் சிறுமி அவள். அப்பா பிரெஞ்சுக்காரர் என்று நிறுவனமே ஜாதகம் எழுதிக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன் மூதாட்டி கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, லிக்காவின் முன்முடியை இரண்டு தரம் சீவினார். பிறகு சீப்பைப் பைக்குள் வைக்காமல் பொம்மையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

நான் கொடுக்கப் போகவில்லை. படம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில் பாலத்தின் ஓரமாகப் புல்லிப்பை நிறுத்தி, முட்டுக்கொடுத்து, கண்ணைத் திருப்பி, வழக்கம்போல் படுத்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கழுத்தில் கேமரா மாட்டிய ஓர் இளம்பெண், படம் எடுக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினேன், சட்டைக் காலரைச் சரிசெய்தேன், இருந்த கொஞ்ச முடியையும் கோதிவிட்டேன். அவர் கையை மெல்ல அசைத்து என்னைச் சற்று ஒதுங்கச் சொன்னார். பிறகு அவரும் படுத்தார்.

எடுத்து முடித்ததும் குறிப்பு நோட்டைத் திறந்தார். பெயர் கேட்டார், சொன்னேன். கவுன், விக், ஷூ எல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியாகப் புல்லிப்பின் இடது முழங்காலைச் சுட்டிக்காட்டி, அந்த ரோஸ் நிறம் ரொம்ப நுட்பமாக இருக்கிறது, எந்தக் கடை என்று கேட்டார்.