எழுதியவர் ஜெயித்தாரா?

கேள்வி: டிரேடிங் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் அதில் சம்பாதித்தவர்கள்தானா? (வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: சம்பாதித்தவர்களும் உண்டு, சம்பாதித்ததை விட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜெஸ்ஸி லிவர்மோர் 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் சுமார் 10 கோடி டாலர் அள்ளினார் என்பார்கள். 1934இல் திவால். பங்கு வர்த்தகம் செய்வது எப்படி என்று அவர் புத்தகம் போட்டது 1940இல்! முதலீட்டாளர் பெஞ்சமின் கிரஹாம் நேர்மாறு. 1929க்குப் பின் பலத்த அடி வாங்கி, 1934இல் நூல் எழுதி, பிறகு இருபது வருஷம் ஜெயித்துக் காட்டினார்.

நம் ஊரில் புத்தகத்தைவிட வகுப்புகள்தான் ஆபத்து. 300 ரூபாயோடு போவது புத்தகம். வகுப்பு சேமிப்பையே கேட்கும். 2023இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தடை விதித்த ஒரு பயிற்சியாளர் வகுப்பு நடத்திக் கோடிக்கணக்கில் வசூலித்திருந்தார். சொந்த டிரேடிங்கிலோ சுமார் 3 கோடி ரூபாய் நஷ்டம். தறி ஓடாத வீட்டில் நெசவு படிக்க உங்கள் பேட்டையில் யாராவது போவார்களா? எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பணம் இழந்ததாக செபியே சொல்கிறது. அதனால், சேருமுன் ஆசிரியரின் மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கேளுங்கள். அவர் காட்டாவிட்டால் நீங்கள் கட்டாதீர்கள்.