ஐம்பது குதிரையும் ஒரு பின்விளக்கும்

அமெரிக்காவில் மஸில் கார் என்று ஒரு சாதி உண்டு. 1964இல் போன்டியாக் கம்பெனி இறக்கிய ஜிடிஓவுக்கு 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்சக்கரம் புகைய வேண்டும், பக்கத்து வண்டிக்காரன் வயிறு எரிய வேண்டும். அந்தக் காரின் வாழ்க்கை லட்சியமே அவ்வளவுதான். நம் ஊரில் இதற்கு ஈடு எது என்று பழைய கார் பித்தர்களைக் கேட்டால் யோசிக்காமல் ‘கான்டெஸா’ என்பார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து பார்க்காதவர்கள். 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் கான்டெஸாவைத் தயாரிக்கத் தொடங்கியபோது, உடம்பு மட்டும்தான் சீமை. எழுபதுகளில் இங்கிலாந்தில் ஓடி ஓய்ந்த வாக்ஸால் விக்டரின் அச்சுகளை வாங்கி வந்து அடித்த உடம்பு அது. உள்ளே இருந்தது அம்பாசடரின் அதே 1489 சிசி எஞ்சின். குதிரைத்திறன் ஏறத்தாழ ஐம்பது. இன்றைய ஆல்டோ கே10 கூட இதைவிடப் பலசாலி. பிற்பாடு 1.8 லிட்டர் இசுஸு எஞ்சின் போட்ட கான்டெஸா கிளாசிக் வந்தது. அதற்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு. என் பட்ஜெட்டுக்கு அதைத் தொட்டுப் பார்க்கலாம், வாங்க முடியாது. ஆகவே என்னிடம் இருப்பது முதல் ரகம். அந்த ஐம்பதில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடிருக்கிறது என்பது என் மெக்கானிக்குக்கே தெரியாது.

பிறகு ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்ப் படமோ மலையாளப் படமோ பார்த்து வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். வில்லன் என்றால் கான்டெஸாவில்தான் வருவான். கதவு திறக்கும், முதலில் வெள்ளை ஷூ இறங்கும், பிறகு ஆள். கதாநாயகன் சைக்கிளிலோ ஜீப்பிலோ வந்து நியாயம் கேட்பான். அந்த வயதில் எனக்கு நியாயத்தைவிட வண்டிதான் பிடித்திருந்தது.

கேரளத்தில் பழைய கார் வாங்கப் போனால் ஒன்று கவனிக்கலாம்: எல்லாக் காரும் ஒரு டாக்டர் வைத்திருந்த கார்தான். என் கான்டெஸாவும் ஒரு டாக்டருடையது என்றுதான் விற்றவர் சொன்னார். அதன் அடித்தகட்டைப் பார்த்த பிறகு, அவர் வைத்தியம் பார்த்த நோயாளிகளை நினைத்துக் கவலையாக இருந்தது.

நான் குடியிருக்கும் கொச்சி மட்டாஞ்சேரி பழைய கார் வைத்துக்கொள்ள உகந்த இடமே அல்ல. பஜார் ரோட்டில் மிளகுச் சாக்கு ஏற்றிய ஒரு லாரி நின்றால் உலகம் நின்றுவிடும். அந்தச் சந்துகளில் நாலரை மீட்டர் நீளத்துக் காரைத் திருப்புவது தனி வித்தை. அப்பா திருநெல்வேலியிலிருந்து இங்கு வந்து மிளகுக் கமிஷன் கடையில் கணக்கெழுதியவர். வீட்டை ஒட்டி ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. மிளகும் சுக்கும் போனபின் எலிகள் இருந்தன. எலிகளுக்குப் பின் நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். இப்போது எலிகள் காருக்குள் இருக்கின்றன.

அதைவிடப் பெரிய எதிரி காற்று. காயல் கூப்பிடு தூரம், கடல் அதற்கு அப்பால். வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை. இரும்பும் ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் சேர்ந்தால் ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகமெடுக்கும். பெயிண்டுக்கு அடியில் துருவுக்கு இடம் போதாது, இரும்பைவிட அது பருமன் அதிகம். ஆகவே பெயிண்டைத் தூக்கிவிடும். பின்கதவுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவில் பெயிண்ட் புடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தொட்டேன். முனை உள்ளே போயிற்று. இழுத்தபோது செதில் செதிலாகப் பழுப்புத் தகடு கையோடு வந்தது. உள்ளே முன்பு யாரோ அடைத்த பட்டி, பட்டிக்குப் பின்னால் செய்தித்தாள். எடுத்துப் பிரித்தால் மலையாளத்தில் ஏதோ தேர்தல் செய்தி. காரின் அந்தப் பக்கம் பத்திரிகையை நம்பித்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது.

தோப்பும்படியிலிருந்து வரும் மெக்கானிக்கை எல்லோரும் இக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் படுத்தார், எழுந்து கை துடைத்தார். “எஞ்சின் சிம்பிளாணு அண்ணாச்சி. பாடிதான் பிரஷ்னம்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் கான்டெஸாவின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் அம்பாசடர் என்பதால் கேஸ்கட், பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் திருச்சூர் பட்டாளம் மார்க்கெட்டிலோ கோயம்புத்தூர் உக்கடத்திலோ காய்கறி மாதிரி கிடைக்கும். வண்டியை ஓடவைக்கச் செலவு அதிகமில்லை. அழகாக நிற்கவைக்கத்தான் சொத்தை விற்க வேண்டும். குரோம் பட்டை, ரப்பர் பீடிங், கண்ணாடி, விளக்கு எல்லாம் கான்டெஸாவுக்கென்றே பிறந்தவை. கான்டெஸா 2002இல் நின்றுபோயிற்று, உத்தர்பாரா ஆலையே 2014இல் மூடியாயிற்று. யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே கைவைத்தியம். பம்பரின் குரோமில் படிந்த மேல்துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், பளபளவென்று வரும். சப்பாத்தி சுற்றிய தாள் என்றாலும் கார் கோபித்துக்கொள்வதில்லை. சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு வேறு வழி. வாளித் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் கட்டித் தொங்கவிட்டு, பாசிட்டிவில் ஒரு பழைய இரும்புத் துண்டைக் கட்டினால் துரு கழன்று வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். எவர்சில்வர் தட்டைப் பாசிட்டிவில் கட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். அப்பா வாளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏலே, மிளக ஊறப்போட்டாலாவது வெள்ள மிளகாகும். இரும்ப ஊறப்போட்டு என்னல செய்யப்போற?” என்றார். கேட்டதில் நியாயம் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

யோசனைக்கு மட்டும் இங்கே பஞ்சமே கிடையாது. குஜராத்தி, கொங்கணி, கச்சி, மலையாளம், தமிழ் என்று மட்டாஞ்சேரியில் எத்தனை மொழி உண்டோ அத்தனையிலும் எனக்குக் கார்ப் புத்தி சொல்லப்பட்டிருக்கிறது. எதிர்வீட்டு சேட் வந்து விற்றுவிடு என்பார். கோயிலுக்குப் போகிற வழியில் கொங்கணி மாமா நின்று எலுமிச்சம்பழம் வை என்பார். 2025இல் ‘துடரும்’ படம் வந்தபோது நிலைமை மோசமாயிற்று. அதில் மோகன்லால் டாக்ஸி டிரைவர் சண்முகமாக வந்து ஒரு பழைய அம்பாசடரை உயிராய் நேசிக்கிறார். உடனே தெருவே என்னிடம், லாலேட்டன் அம்பாசடர் வைத்திருக்கிறார், நீ ஏன் இதை வைத்திருக்கிறாய் என்று கேட்டது. உள்ளே இருப்பதும் அம்பாசடர்தான் என்று எத்தனை பேருக்கு பானெட்டைத் தூக்கிக் காட்டுவது!

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாயை ஊறவைத்து உப்பவைக்கும். எரிபொருள் குழாய்களை மாற்றுங்கள் என்று இக்கா சொல்லும்போது காசு பறிக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். பழைய குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தால் தோன்றாது. பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாத இடங்கள் இரண்டுதான்: பிரேக், பெட்ரோல் குழாய். மற்றதில் எப்படி வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பண்ணலாம்.

அரசாங்கம் பண்ணவிடாது, அது வேறு விஷயம். தனியார் காருக்கு 15 வருடம் கழிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 வயது கடந்த காருக்கு 10,000. நாட்டின் பாரம்பரியம், விண்டேஜ் என்று சலுகை கேட்கலாமா என்றால், 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் ஆக ஐம்பது வயது நிரம்ப வேண்டும். முதன்முதலில் வந்த கான்டெஸாவுக்கே அது 2034இல்தான். அதுவரை என் வண்டி கிழமும் அல்ல, இளசும் அல்ல. வரி கட்டத் தோதான வயது.

எஞ்சின் ஓடுகிறது. வெல்டிங் முடிந்து, ப்ரைமர் அடித்த சாம்பல் நிறத்தில் வில்லனின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி நிற்கிறது. கடைசித் தடங்கல் இடதுபக்கப் பின்விளக்கு. சென்னைப் புதுப்பேட்டையில் கூவத்தோரக் கடைகளில் தேடினேன். “வலது எத்தனை வேணும் சார், எடுத்துக்கோங்க. இடது கேக்காதீங்க” என்றார் ஒரு கடைக்காரர். காரணம் எளிது. நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்து ரிவர்ஸ் எடுக்கிறார். கண்ணுக்கெட்டுகிற வலது மூலை தப்பிக்கும், கண்ணுக்கெட்டாத இடது மூலை சுவரில் போய் முட்டும். முப்பது வருடமாக இந்தியா முழுவதும் கான்டெஸாக்கள் இடதுபக்கமாகவே முட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மாமா வீட்டுப் பரணிலோ, மூடிப்போன ஒர்க்‌ஷாப் மூலையிலோ, ஆடிக்கழிவில்கூடப் போகாத சாமான்களுக்கு நடுவிலோ கான்டெஸாவின் இடது பின்விளக்கு இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. விலையை மட்டும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை முதலில் படிப்பவர் அப்பா.