தேய்த்தே கெடுத்தவன்

பளபளத்தால்தான் சுத்தம் என்று நம்புகிற ரகம் நான். கையில் தேங்காய் நாரும் கொஞ்சம் புளியும் கிடைத்துவிட்டால் என்னைப் பிடிக்க முடியாது. மலையூரான ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்த புதிதில், வீட்டில் என் கைக்குத் தப்பியது பூனை மட்டும்தான்.

முதல் பலி தோசைக்கல். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்திருந்த இரும்புக்கல்லை, கம்பிநார் போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். மறுநாள் தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, சூட்டில் எண்ணெய் இறுகிப் படிந்த பூச்சு என்றாள் மனைவி. முன்பே சொன்னாளாம், தேய்க்கிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அடுத்தது மாமியார் சீதனமாகக் கொடுத்த பித்தளைக் குண்டான். உள்ளே மங்கலாக வெளுத்திருந்ததைச் சாம்பலும் மணலும் போட்டு விடாமல் தேய்த்துப் பொன்னிறம் வரவைத்தேன். நான் சுரண்டி எடுத்தது ஈயப்பூச்சு. அதில் வைத்த புளிக்குழம்பு களிம்பேறி, வாயில் வைக்க முடியாமல் போயிற்று. மலையிறங்கிப் போளூர் பக்கம் ஈயம் பூசுபவரைத் தேடிப் பிடித்தேன். குண்டானைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக்குச்சியை ஒரு தொடு தொட்டு, துணியால் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே வெள்ளை பரவியது. “இனிமே வெளியில மட்டும் புளி போடு சாமி” என்றார். மாமியாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

பின்கட்டு மண்தரையையும் விடவில்லை. அதிகம் போட்டால் அதிகம் மினுங்கும் என்று, மழை மூட்டத்தில் சாணத்தைக் கெட்டியாகக் கரைத்துப் பூசினேன். காயவே இல்லை, காய்ந்தபோது வெடித்துப் பெயர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்: “ஏம்பா, மெழுகச் சொன்னா அப்பி வச்சிருக்கியே!” நீர்க்கக் கரைத்து, மெல்லிசாக இழுத்து, வெயில் வரும் நாளாகப் பார்த்துக் காலையிலேயே மெழுக வேண்டுமாம்.

இத்தனை பட்டும் புத்தி வரவில்லை. இதே மலையில் காவலூரில், 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது வைணு பாப்பு தொலைநோக்கி. ஒருநாள் அங்கே போய் அதன் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடியைப் பார்த்ததும், “தினமும் துடைப்பீங்களா சார்?” என்று அங்கிருந்தவரிடம் கேட்டுவிட்டேன். சுற்றி நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணாடி மேலிருக்கும் அலுமினியப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துணி போட்டுத் தேய்த்தால் தூசியே கீறிவிடும். பளபளப்பு குறையும்போது பழைய பூச்சைக் கரைத்தெடுத்து, காற்று நீக்கிய கலத்துக்குள் வைத்துப் புதிதாக ஏற்றுகிறார்கள். நல்லவேளை, அங்கே எனக்கு வேலை கிடைக்கவில்லை.

இப்போது என் ராஜ்ஜியம் குத்துவிளக்கோடு சரி. கறுக்கும்போது புளி, உடனே நல்ல தண்ணீர், ஈரம் போகத் துணி. ஈரத்தோடு விட்டால் மறுபடி கறுத்துவிடும். உங்கள் வீட்டிலும் என்னைப் போல் ஒருவர் இருந்தால், தேய்க்கும்முன் அது அழுக்கா பூச்சா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் நாரைப் பிடுங்கி வையுங்கள்.