பேரை மாத்திக்கிட்டுப் பேசுலே

ஏலே பேராண்டி, இங்க வா. மேனேஜர் மண்டையில மூளையே இல்லன்னு நாலு பத்தி எழுதியிருக்க. கீழ அப்பா வச்ச முழுப் பேரு, இனிசியலோட. பக்கத்துல ஆபீஸ் அட்டை தொங்குத போட்டோ வேற. கேட்டா, ‘வெளிப்படையா இருக்கேன் தாத்தா’ன்னு நெஞ்ச நிமித்துத. அப்ரைசல் அன்னைக்கு அவனும் வெளிப்படையாப் பேசினா தாங்குவியாலே?

குடுக்கவன் கை மேல, வாங்குதவன் கை கீழ. எந்தக் காலேஜுலயும் இதைச் சொல்லித் தரலியோ? நீ பதிவை அழிக்கதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் ஹெச்.ஆர். கைக்குப் போயிரும். நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனாலும், உன் பேரைத்தான் முதல்ல கூகுள்ல தட்டிப் பாப்பான்.

பேரை மறைக்கது கோழைத்தனமா? டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில காசெட்டுன்னு ஒருத்தரு. கொஞ்சூண்டு மாதிரிய சோதிச்சே மொத்தச் சரக்கையும் மதிக்க ஒரு கணக்கு கண்டுபிடிச்சாரு. தொழில் ரகசியம் வெளிய போயிரும்னு, சொந்தப் பேருல எழுத முதலாளிமாரு விடல. மனுசன் சண்டைக்கா போனாரு? 1908-ல ‘ஸ்டூடண்ட்’னு பேரு போட்டு அச்சேத்திட்டாரு. நீ பரீட்சைக்கு உருப்போட்ட டி-டெஸ்ட் அதுதான்லே. வேலையும் நிலைச்சுது, கணக்கும் நிலைச்சுது.

ஆனா பேரை மட்டும் மாத்திட்டு, ‘நாலாவது மாடி, கேன்டீன் பக்கத்து டீமு, போன வெள்ளிக்கிழமை மீட்டிங்கு’ன்னு எழுதுனா? பூனை கண்ண மூடிக்கிட்ட கததான். மாடிய மாத்து, கிழமைய மாத்து. ஆபீஸ் லேப்டாப்புல உக்காந்து ஆபீஸைத் திட்டாதே. அந்தப் பொட்டி அவனோடது.

உங்க மாமன் கிட்டயும் சொல்லி வை. மத்திய சர்க்கார் ஊழியருக்கு 1964-ல போட்ட நடத்தை விதியில ஒன்பதாவதைப் படிக்கச் சொல்லு. சர்க்கார் கொள்கையப் பழிச்சு எழுதினா, புனைபேரானாலும் குத்தம்தான். அந்த விதிய எழுதினவன் விவரமான ஆளுல்லா!

இன்னொண்ணு. முகமூடி கிடைச்சுதுன்னு கூட வேலை பாக்க பிள்ளையள ஏசாதே. அதுக்கு எங்க காலத்துலயே மொட்டக் கடுதாசின்னு பேரு. சம்பளம் எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்கு விடுதான், லீவு கேட்டா என்ன சொல்லுதான், அதை எழுது. அடுத்துச் சேர வாரவனுக்கு உதவும்.

என்ன பேரு வைக்கலாம்னு யோசிக்கியா? ஊருப் பேரையும் பொறந்த வருசத்தையும் சேத்து வச்சிராதே. அது உன் பாஸ்வேர்டுன்னு வீட்டுல எனக்கே தெரியும்.